வீட்டுக் குழு: சித்தப்பா அனுப்பிய பாட்டு

சித்தப்பா: நேற்று ராத்திரி போட்ட பாட்டை யாராவது கேட்டீர்களா? டெலனி, போனி என்று கணவன் மனைவி. ‘ஹோம்’ என்ற ஆல்பம், 1969-ல் வந்தது.

அத்தை: கேட்டேன் தம்பி. அந்தப் பெண்ணுக்கு என்ன குரல்! கறுப்பினப் பாடகி என்றே நினைத்தேன், போட்டோவில் பார்த்தால் வெள்ளைக்காரப் பெண்.

சித்தப்பா: ஐக் டர்னர், டினா டர்னர் என்ற பாட்டு ஜோடிக்குப் பின்பாட்டுப் பாடிய ஐக்கெட்ஸ் குழுவில் கொஞ்ச நாள் இருந்தவர் அக்கா. டெலனி மிசிசிப்பிக்காரர். 1967-ல் லாஸ் ஏஞ்சலஸில் சந்தித்தார்கள், அதே வருடம் கல்யாணம். அப்புறம் மெம்ஃபிஸ் போய், ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோவில் பாடியதுதான் இது.

நான்: சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் பாடிய இடம்தானே?

சித்தப்பா: அதேதான்டா. பழைய சினிமா தியேட்டர் அது. நாற்காலியை எல்லாம் எடுத்தார்கள், தரையை மட்டும் சமப்படுத்தவில்லை, திரையைப் பார்த்து இறங்கும் சரிவு அப்படியே இருந்தது. தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டுக் கடை. அந்தச் சரிவில்தான் ஸ்டாக்ஸின் வாத்தியக் குழுவான புக்கர் டி. அண்ட் தி எம்ஜிஸ் வாசிக்க இவர்கள் பாடினார்கள். தயாரித்தது அந்தக் குழுவின் பாஸ் கிட்டார்காரர் டக் டன்னும் டான் நிக்ஸும்.

சித்தி: எனக்கு அதில் ‘மை பேபி ஸ்பெஷலைஸஸ்’ பிடிக்கும். ஜோடிப் பாட்டு என்றால் கொஞ்சலும் குழைவுமாக இருக்கும் என்று நினைப்போம், இதில் என் ஆள்தான் உசத்தி என்று இரண்டு பேரும் மாறி மாறி பெருமை அடிக்கிறார்கள். சமையலறையில் காதில் விழுந்தது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன்.

நான்: அப்படியும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

சித்தப்பா: அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸின் பெரிய நட்சத்திரம் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் போய்விட்டார். அடுத்த வருடம் அட்லாண்டிக் கம்பெனியோடு ஸ்டாக்ஸ் உறவு முறிந்தபோது, அதுவரை அவர்கள் மூலம் வெளிவந்த பாட்டெல்லாம் ஒப்பந்தப்படி அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்றாகிவிட்டது. ஸ்டாக்ஸ் கையில் பழைய சரக்கே இல்லை. கம்பெனியை நடத்திய அல் பெல் 1969 நடுவில் 27 ஆல்பங்களை ஒரே மூச்சில் இறக்கினார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், கடையைத் திறந்து வைக்க வேறு வழி இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாடகர் ஐசக் ஹேயஸின் ‘ஹாட் பட்டர்டு சோல்’ எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது, ‘ஹோம்’ அடியில் மாட்டிக்கொண்டது. விளம்பரம் செய்ய ஆள் வேண்டாமா?

அத்தை: பாவம். கடைசி வரை சேர்ந்து இருந்தார்களா?

சித்தப்பா: இல்லை அக்கா. பிற்பாடு பெரிய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனே அவர்கள் குழுவில் கிட்டார் வாசிக்கிற அளவுக்குப் பேர் வந்தது, ஆனால் 70களின் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டார்கள். டெலனி 2008-ல் காலமானார்.

சித்தி: பாட்டில் அது தெரியவே தெரியாது அண்ணி. இரண்டு பேரும் அவ்வளவு ஒட்டுதலாகப் பாடியிருக்கிறார்கள்.

அத்தை: சித்தி சொன்ன பாட்டை மட்டும் தனியாக அனுப்பு தம்பி, சாயங்காலம் இவர் வந்ததும் போட்டுக் காட்டுகிறேன்.

சித்தப்பா: இதோ. ஹெட்போன் வேண்டாம் அக்கா, ஸ்பீக்கரில் சத்தமாகவே போடுங்கள்.