வஞ்சிரம் எங்கே, எப்படிப் பிடித்தது: மெனுவில் எழுத என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சென்னையில் சின்ன கடல் உணவகம். மெனுவில் மீனின் விவரத்தை உண்மையாக எழுத விரும்புகிறோம். கொள்முதலில் எதை மாற்றணும்?

பதில் 1: முதல்ல துண்டு மீன் வாங்குறதை நிறுத்துங்க சார். துண்டாக்கிட்டா வஞ்சிரமா வேற மீனான்னு சொல்றது கஷ்டம், நீளமும் அளக்க முடியாது. முழு மீனை மூக்கு நுனியிலிருந்து வால் கவை (வால் ரெண்டாப் பிரியுற இடம்) வரை அளங்க. கேரளாவில் வஞ்சிரம் பிடிக்கச் சட்டப்படி குறைந்தபட்ச நீளம் 50 செ.மீ. அதையே உங்க விதியா வச்சுக்கலாம். குஞ்சு மீன் வந்தா திருப்பி அனுப்புங்க. தயங்கினா மறுநாளும் அதுதான் வரும்.

பெட்டிக்குப் பெட்டி ஒரு எண் போடுங்க: இறங்கின துறைமுகம், தேதி, விசைப்படகா நாட்டுப்படகா, வலையா தூண்டிலா. பெரும்பாலும் குழப்பம் வர்றது ஃப்ரீசர்லதான். ரெண்டு நாள் சரக்கை ஒரே டப்பாவில் கொட்டினா விவரம் அத்தோட போச்சு.

பதில் 2: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை. அப்போ உறைந்த மீன்னா ‘உறைந்தது’ன்னே எழுதுங்க.

பதில் 3: அச்சடிச்ச மெனு வேண்டாம், தினமும் பலகையில் எழுதுங்க. பாசா போட்டா ‘வளர்ப்பு நன்னீர் மீன்’னு தெளிவா சொல்லணும். வெறும் ‘மீன் ஃபிங்கர்’ போதாது.