வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா (சுற்றிலும் பூட்டும் இரும்பு வளையம்) ஏற்றும்போது அளவு எப்படிப் பார்த்தார்கள்?

கேள்வி (குடியாத்தம்):
அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஏறக்குறைய 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பேடுகளை அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம் திரட்டியது. கூடை முடைதல், கூரை வேய்தல் எனப் பல தொழில்கள் அவற்றில் வருகின்றன. கொல்லர் பட்டறையைப் பற்றிப் படித்தபோது எங்கள் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. அங்கே சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக், வெளி விளிம்பான வட்டைக்கு ஆஷ். இங்கே பெரும்பாலும் கருவேலம். மரம்தான் வேறு. சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகப் பட்டாவை அடித்து, காய்ச்சி ஏற்றுவார்கள் என்பது தெரியும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதை நேரில் கண்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பள்ளிகொண்டா, வயது 74):
எங்கள் தெருக் கொல்லர் வட்டையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பார். நீளமாகக் கிடத்திய இரும்புப் பட்டையின் மேல் சக்கரத்தை உருட்டி, புள்ளி மீண்டும் பட்டையைத் தொடும் இடத்தில் உளியால் கீறுவார். பிறகு ஒரு விரற்கடை குறைத்து வெட்டுவார். இணைப்புகள் தளர்ந்த பழைய சக்கரம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைப்பார். வறட்டியை வட்டமாக அடுக்கி மூட்டிய தீயில் பட்டா பழுத்ததும், மூன்று பேர் இடுக்கியால் தூக்கிவந்து இறக்க, சுற்றிலும் சம்மட்டி விழும். மரம் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கி இறுக்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள் 'நெறுக்'கென்று இறங்கும் ஓசைக்காகவே நாங்கள் பள்ளிக்குத் தாமதமாகப் போனதுண்டு. ஒருமுறை எங்கள் வண்டிக்கு அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டதால் ஓர் ஆரக்கால் பிளந்து, அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு மாதம் பேச்சில்லை.

பதில் (வேலூர்):
ஐயா சொல்லும் விரற்கடை கணக்கோடு பொருந்துகிறது. ஐந்தடி விட்டச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர், வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் கூடினால் இரும்பு அந்த நீளத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அதற்கும் மேல் குறைத்தால், நன்றாகப் பழுக்கக் காய்ச்சாத பட்டா சக்கரத்தில் ஏறாது; ஏறினாலும் மரத்தை நெரிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அயர்லாந்துக் கொல்லர்கள் கைப்பிடியுள்ள சிறு உருளை ஒன்றை முதலில் சக்கரத்தின் மேலும் பிறகு இரும்பின் மேலும் ஓட்டி, சுற்றுகளை எண்ணி அளந்தார்கள். உங்கள் கொல்லர் சக்கரத்தையே அளவுகோலாக்கியிருக்கிறார். பட்டா ஏற்றும்போது சக்கரத்தைக் கிடத்துவதற்கென்று, நடுவில் குடத்துக்குத் துளையிட்ட வட்டக் கற்களும் அவர்களிடம் இருந்தன. இங்கே அதற்கு என்ன செய்தார்கள்?

பதில் (பள்ளிகொண்டா):
கல் இல்லை, தம்பி. புளியமரத்தடியில் குடம் இறங்குமளவுக்கு ஒரு குழி இருந்தது. டயர் வண்டி வந்த பிறகு அதில் கோழிகள் மண் குளித்தன.