ஐசோலேஷன் ரூமில் நெகட்டிவ் பிரஷர் நிற்கவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

பயோமெட்:
வணக்கம். சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த காசநோயாளிகளுக்கான ஒற்றை ரூம். 15-க்கு 12 அடி, ஃபால்ஸ் சீலிங் வரை உயரம் 10 அடி, வாசலில் சின்ன ஆன்டி ரூம் (காரிடாருக்கும் ரூமுக்கும் நடுவே இரண்டு கதவுள்ள முன்னறை). தனி ஏஎச்யூ (காற்றைக் குளிரூட்டி ரூமுக்கு அனுப்பும் இயந்திரம்) முழுக்க வெளிக்காற்றைத்தான் தருகிறது. எக்ஸாஸ்ட் மொட்டை மாடி ஹெப்பா (நுண்துகள்களைப் பிடிக்கும் ஃபில்டர்) பெட்டி வழியாக வெளியே போகிறது. காற்று காரிடாரிலிருந்து உள்ளே மட்டும் வர, ரூம் அழுத்தம் காரிடாரைவிடக் குறைவாக, அதாவது நெகட்டிவாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை மானிட்டர் முன்பு மைனஸ் 4 பாஸ்கல் (அழுத்த அலகு) என்று காட்டும். இப்போது பிளஸ் அரைக்கும் 1-க்கும் நடுவே ஆடுகிறது, அலாரம் ஓயவில்லை. ஹெப்பா அடைத்திருக்கும் என்று மாற்றச் சொல்கிறார்கள். ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானோமீட்டரில் 95 பாஸ்கல். பொருத்திய அன்று ஸ்டிக்கரில் எழுதியது 180. அண்மையில் நடந்த வேலை இரண்டு: மாடியில் பேனல் போர்டு மாற்றம், நர்ஸ் கால் பெல்லுக்குப் புது வயர். ரூமில் இப்போது நோயாளி இருக்கிறார்.

வார்டு சிஸ்டர்:
முதலில் நோயாளி. பிளஸ் என்றால் உள்ளே இருக்கும் காற்று காரிடாருக்கு வருகிறது என்று அர்த்தம், ரிப்பேர் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வேறு ஐசோலேஷன் ரூம் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் காரிடார் பக்கம் திறக்காத, வெளிச்சுவரில் ஜன்னல் உள்ள தனி ரூம், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மாற்றும்போது நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும், உடன் போகிறவர்களுக்கு என்95. நோயாளிக்கு வால்வு வைத்த என்95 போட்டுவிடாதீர்கள், வெளிவிடும் மூச்சு வடிகட்டாமல் அப்படியே வரும்.

குளிர்சாதன வேலை:
ஹெப்பாவை இப்போதைக்குத் தொடாதீர்கள். அடைத்த ஃபில்டர் என்றால் மானோமீட்டர் 180-க்கு மேலே ஏறியிருக்கும். உங்களுக்குப் பாதிக்கு இறங்கியிருக்கிறது. ஃபில்டருக்குக் காற்றே சரியாகப் போகவில்லை, அல்லது ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பேனல் போர்டு மாற்றியதாகச் சொல்வதால் என் சந்தேகம் ஃபேன் திசை மேல்தான். த்ரீ ஃபேஸில் இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் போகும், அளவு மட்டும் பாதி கிட்டே விழுந்துவிடும். சத்தமும் இருக்கும், வாயில் கை வைத்தால் காற்றும் தெரியும். இதனால்தான் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஃபேன் உறையில் அம்புக்குறி இருக்கும். மெயினை நிறுத்தினால் வேகம் குறையும்போது பிளேடு எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று தெரியும். மாறியிருந்தால் ஃபேனின் மின் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எலக்ட்ரீஷியனை வைத்து ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போடச் சொல்லுங்கள். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் இருந்தால் அதன் வெளியீட்டுப் பக்கம் மாற்ற வேண்டும். உள்வரும் பக்கம் மாற்றினால் திசை மாறாது.

அளவுக்காரர்:
மாடி ஏறும் முன் மானிட்டர் உண்மை பேசுகிறதா பாருங்கள். இரண்டு டியூபையும் கழற்றிவிட்டால் 0 காட்ட வேண்டும். டியூப் மடங்கியிருக்கலாம், தண்ணீர் கோர்த்திருக்கலாம். ஒப்பிடுவதற்கான ரெஃபரன்ஸ் டியூபின் மறுமுனை காரிடாரில் இருக்க வேண்டும். வயர் வேலைக்காரர்கள் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தள்ளிவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பிறகு புகை டியூப் (காற்று போகும் திசையைக் காட்ட மெல்லிய புகை விடுவது). கதவைச் சாத்தி, வெளியே நின்று, கீழ் இடுக்குக்கு இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக விடுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். 'கதவு இழுக்கிற மாதிரி இருக்கு, அதனால் நெகட்டிவ்தான்' என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், 2.5 பாஸ்கலுக்குக் கதவில் விழும் விசை அரை கிலோ எடைக்குச் சமம், டோர் குளோசரே அதைவிடப் பலமாக இழுக்கும்.

கூடவே சப்ளை, எக்ஸாஸ்ட் இரண்டையும் ஃப்ளோ ஹூட் (காற்றின் அளவைக் காட்டும் கருவி) வைத்து அளந்து சொல்லுங்கள்.

பயோமெட்:
நோயாளியை மாற்றிவிட்டோம். மானிட்டர் சீரோ சரி. புகை வெளியே வந்தது. சப்ளை 280 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), எக்ஸாஸ்ட் 210. ஃபேன் அம்புக்கு எதிராகத்தான் சுற்றியது. ஃபேஸ் மாற்றியதும் எக்ஸாஸ்ட் 390, மானோமீட்டர் 178. புகை உள்ளே போகிறது. ஆனால் மானிட்டர் மைனஸ் 1.8-ஐத் தாண்டவில்லை. சப்ளை டேம்பரை (காற்றின் அளவைக் குறைக்கும் தடுப்புத் தகடு) முழுக்க மூடிவிடலாமா?

குளிர்சாதன வேலை:
மூடினால் எண் அழகாக வரும், ரூம் வெந்துபோகும். புழுக்கம் தாங்காமல் கதவுக்கு யாராவது ஆப்பு வைப்பார்கள், அன்றோடு நெகட்டிவ் பிரஷர் முடிந்தது. ஓட்டையைத் தேடுங்கள்.

அளவுக்காரர்:
கணக்கு போட்டாலே தெரியும். 390-ஐ 60-ஆல் பெருக்கி 1800 கன அடியால் வகுத்தால் மணிக்கு 13 காற்று மாற்றம், அதாவது ரூம் கொள்ளளவு காற்று 13 முறை வெளியே போகிறது. அமெரிக்க சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) புது ரூமுக்குக் கேட்பது 12, பழையதற்குக் குறைந்தது 6, அழுத்தம் 2.5 பாஸ்கல். காற்று மாற்றத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

அழுத்தம், எக்ஸாஸ்டுக்கும் சப்ளைக்கும் உள்ள வித்தியாசத்தையும் ரூமில் இருக்கும் இடுக்குகளையும் பொறுத்தது. அரை சதுர அடி இடுக்குக்கு 2.5 பாஸ்கல் வர ஏறக்குறைய 130 சிஎஃப்எம் வித்தியாசம் வேண்டும். உங்களிடம் 110. அதனால்தான் 1.8. இடுக்கு பாதியானால் அதே 110-க்கு அழுத்தம் நான்கு மடங்காகும். முன்பு மைனஸ் 4 வந்திருக்கிறது என்றால், ஏறக்குறைய 25 சதுர அங்குலம் புதிதாகத் திறந்திருக்கிறது. நர்ஸ் கால் பெல் வயர் போன வழியைப் பாருங்கள், கான்க்ரீட் தளம் வரை சுவர் எழும்புகிற இடத்தில், சீலிங் டைலைத் தூக்கி. ஆக்சிஜன் குழாய் ஸ்லீவையும் விடாதீர்கள்.

கதவின் கீழ் இடுக்கை மட்டும் ரப்பர் போட்டு அடைக்காதீர்கள். காற்று உள்ளே வர வேண்டிய வழி அதுதான்.

பயோமெட்:
இருந்தது. காரிடார் பக்கச் சுவரில், டைலுக்கு மேலே, 4 அங்குல கோர் கட்டர் ஓட்டை இரண்டு. ஒன்றில் ஒரே ஒரு வயர், மற்றது காலி. தீத்தடுப்பு சீலண்ட் வைத்து அடைத்தோம். மைனஸ் 4. நோயாளியைத் திரும்பக் கொண்டுவரலாமா?

வார்டு சிஸ்டர்:
கதவு சாத்திய நிலையில் மானிட்டர் நிலையாக நிற்கிறதா பார்த்து, புகை சோதனை மறுபடி செய்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஆள் இருக்கும் வரை புகைச் சோதனை தினமும், மானிட்டர் இருந்தாலும்தான். ஆன்டி ரூமின் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. உணவுத் தள்ளுவண்டி வரும்போதுதான் இது தவறும்.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு துப்புரவுப் பணியாளரை உடனே மாஸ்க் இல்லாமல் அனுப்பாதீர்கள். மணிக்கு 12 மாற்றத்தில் காற்றில் மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம், 99.9-க்கு 35. ரூம் முழுக்க நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. மூலையில் தேங்கும், 35-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் தலைகீழாக ஓடிய நாட்களில் இதற்கு இன்னும் அதிக நேரம் ஆகியிருக்கும். அந்த நாட்களில் உள்ளே போனவர்கள், காரிடாரில் வேலை செய்தவர்கள் பட்டியலைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

தாலுகா மருத்துவமனை:
இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் ஏஎச்யூ எதுவும் இல்லை. ஜன்னலில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் உதவுமா? ஸ்ப்லிட் ஏசி இருக்கிறது.

அளவுக்காரர்:
உதவும், வைக்கும் இடம் சரியாக இருந்தால். ஃபேன் நோயாளியின் தலைமாட்டுப் பக்கச் சுவரில், காற்று வரும் வழி எதிர்ப்பக்கக் கதவின் கீழ். ஃபேனுக்கு ஒட்டிய ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிக்காற்று அந்த ஜன்னலில் வந்து அந்த ஃபேனிலேயே போய்விடும், ரூம் அப்படியே இருக்கும். வெளியே விடும் இடம் ஓபி வரிசையாகவோ வேறு ஜன்னலாகவோ இருக்கக் கூடாது. 25 அடியாவது தள்ளி இருக்கட்டும். டப்பாவில் எழுதிய சிஎஃப்எம் எதிர்ப்பே இல்லாத இடத்தில் அளந்தது, வலை மாட்டித் தூசி படிந்த பிறகு அது வராது. அனிமோமீட்டர் (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்துவிட்டுக் கணக்கு போடுங்கள்.

ஸ்ப்லிட் ஏசி உள்காற்றையே சுற்றுகிறது, காற்று மாற்றத்தில் அதற்குப் பங்கில்லை. ஏசிக்காக ஜன்னலைச் சாத்துவது ஏசி இல்லாததைவிட மோசம். ஃபேனும் முடியாது என்றால் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், திறப்பு தரைப் பரப்பில் 20 சதவீதமாவது, காரிடார் கதவு சாத்தியபடி. புற ஊதா விளக்கு போடச் சொல்லி விற்பனையாளர் வருவார். சுவரின் மேல் பகுதிக்கான, கண்ணில் படாத மறைப்புள்ள வகை கூடுதல் உதவி. காற்றைத் திசை திருப்புவது அதனால் ஆகாது.