எழுத உக்காந்தாலே நெஞ்சு படபடங்குது, என்ன பண்றதுங்க?

சோமனூரான்:
நாவல் பாதியில நிக்குதுங்க. பகல்ல வேலை, ராத்திரி 10 மணிக்கு மேலதான் எழுத நேரம். மடிக்கணினியைத் திறந்ததும் படபடப்பு, உள்ளங்கை வேர்வை, இதை யாரு படிப்பாங்கங்கற வெசனம். எந்திரிச்சுப் போயிட்டா சரியாயிருது, திரும்ப உக்காந்தா திரும்ப வருது. பக்கத்துல தறிச்சத்தம் வேற. முழிச்சிருக்க ரெண்டு டம்ளர் காப்பி. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு முன்னால பிரதியைக் குடுக்கோணும். மாத்திரை போட்டா கற்பனை வத்திப்போயிருமாமே, நெசமுங்களா?

பவானிக்கரை:
எந்திரிச்சுப் போனா சரியாயிருதுன்னு சொன்னீங்க பாருங்க, சிக்கலே அங்கதான். எந்திரிச்சதும் கெடைக்கற நிம்மதி, 'மேசைகிட்டப் போகாதே'ன்னு மூளையைப் பழக்கீருது. மறுதடவை படபடப்பு இன்னும் வெரசா வரும். அதனால உக்கார்ற நேரத்தைக் கொறைங்க, ஆனா அது முடியறவரைக்கும் எந்திரிக்காதீங்க. மொதல் வாரம் 10 நிமிசம் போதும். எழுத வரலைன்னா முந்தின நாள் கடைசிப் பத்தியைப் பாத்து நோட்டுல எழுதுங்க. படபடப்பு ஏறி, தானா எறங்கும். எறங்கறப்ப நீங்க நாற்காலியில இருக்கோணும், அதுதான் முக்கியம். அப்பறம் 15, அப்பறம் 25 நிமிசம். நாளைக்கு 250 சொல் எழுதினா 200 நாள்ல 50,000 சொல், ஒரு நாவலுக்குத் தாராளம்.

அத்தியாயத்தை முடிச்சுட்டு எந்திரிக்கற பழக்கம் இருந்தா விட்ருங்க. மறுநாள் வெறும் பக்கத்துல தொடங்கற மாதிரி ஆயிரும். அடுத்த வரி தெரியறப்பவே, அதைப் பாதி எழுதி நிறுத்துங்க. எழுதற நேரத்துல திருத்தவும் கூடாது. சந்தேகம் வர்ற எடத்துல ஒரு குறி போட்டுட்டு மேல போங்க. திருத்தறதுக்கு வேற நாள்.

நொய்யல்:
மொதல்ல அந்தக் காப்பியைப் பாருங்க. கஃபீன் ஒடம்புல பாதியாக் கொறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 10 மணிக்குக் குடிச்சா விடியக்கால 3 மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும். காப்பியாலயே நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும். அதைப் பயம்னு எடுத்துக்கறோம். சட்டுனு நிறுத்துனா தலைவலி வரும், அதனால ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அரை டம்ளர் கொறைச்சுட்டு வாங்க. மத்தியானம் 2 மணிக்கு மேல டீயும் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சின்னு பலபேரு பெருசு பெருசா மூச்சு இழுக்கறாங்க. அப்படி இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சு தலை சுத்தும், விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். சாதாரணமா 4 எண்ணி மூக்கால இழுத்து, 6 எண்ணி மெதுவா விடுங்க. 5 நிமிசம், எழுதறதுக்கு முன்னாலயே. நடுவுல எந்திரிக்க அது ஒரு சாக்காயிரக் கூடாது.

தறி ஒரே சீரா ஓடற வரைக்கும் காது பழகிக்கும். நின்னு ஓடறப்பத்தான் திடுக்குங்கும். மேசை ஃபேனைப் பக்கத்துல ஓடவிட்டா அது பாதி அமுங்கும். மாசாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்டை நிறுத்தற நாளு லீவுல அமைஞ்சா விட்ராதீங்க, அன்னிக்குத் தறியும் ஓடாது. மடிக்கணினிக்கு முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டு வெச்சுக்கோணும், அவ்வளவுதான்.

மெய்ப்புநோக்கி:
மாத்திரை பற்றி. கற்பனை வற்றிவிடும் என்பது பொதுவிதி அல்ல. பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் காட்ட 2 முதல் 6 வாரம் ஆகும். தொடக்க நாட்களில் சிலருக்குக் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடும். அந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு உணர்ச்சி மழுங்கியதுபோல் இருப்பதும் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் பதற்றத்தை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனாலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

அதற்கும் முன்னால் தைராய்டு, ஹீமோகுளோபின், ஈசிஜி பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். தூக்கமோ வேலையோ கெடும் அளவுக்குப் போனால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச மட்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

பதற்றம் இருந்தால்தான் நல்ல எழுத்து வரும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் அதிகம் செய்வது எழுதியதை அழிப்பதுதான்.

சோமனூரான்:
ரொம்ப நன்றிங்க. அந்த 'யாரு படிப்பாங்க' வெசனத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க.

பவானிக்கரை:
அதுக்குத் தனியா நேரம் ஒதுக்குங்க. பொழுதோட 6 மணிக்கு 15 நிமிசம், எழுதற மேசையில வேண்டாம், திண்ணையிலயோ வாசல்லயோ. எழுதறப்ப வெசனம் வந்தா துண்டுக் காகிதத்துல ஒரே வரி குறிச்சுட்டு, '6 மணிக்குப் பாத்துக்கலாம்'னு தள்ளி வைங்க. அந்த நேரத்துல ஒவ்வொண்ணா எடுத்து, கையில இருக்கற வேலையா இல்லையான்னு பாருங்க. 'மூணாவது அத்தியாயம் இழுக்குது'ங்கறது வேலை, திருத்தற நாளுக்குப் போட்டுக்கலாம். 'யாரு படிப்பாங்க'ங்கறதுக்கு இப்பச் செய்ய ஒண்ணுமில்லீங்க, கோடு போட்டு அடிச்சிருங்க. படுக்கப்போற நேரத்துல மட்டும் இதைச் செஞ்சராதீங்க, தூக்கம் போயிரும்.