கேட்கும்வரை பாவமில்லையாம்

பெட்டா டிக்வா, இஸ்ரேல்

இங்கே ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வயது 89. ‘சபா’ என்று கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. வியாழக்கிழமை சாயங்காலமானால் கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லி அந்த வாரத்துப் பராஷாவை, அதாவது யூதர்கள் வாராவாரம் வாசிக்கிற வேதப் பகுதியை, எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தோரா என்கிற மோசேயின் ஐந்து புத்தகங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஒரு வருஷத்தில் முடித்துவிட்டு மறுபடி ஆதியாகமம். சபா ஒவ்வொரு வசனத்தையும் எபிரேயத்தில் இரண்டு தடவையும் அராமிக் மொழிபெயர்ப்பில் ஒரு தடவையும் வாசிப்பார். அப்படி வாசிப்பது பழைய வழக்கம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன்.

கன்னியாகுமரிப் பக்கம் சண்டே கிளாஸில் வளர்ந்தவள் என்பதால் கதைகள் எல்லாம் தெரியும். கதையே இல்லாமல் சட்டம் சட்டமாக வரும் இடங்கள் இருக்கின்றனவே, நாம் புரட்டிக்கொண்டு போய்விடுவோமே, அவைதான் எனக்குப் புதிது. ‘கீ தேட்ஸே’ அப்படிப்பட்ட வாரம். உபாகமம் 21 நடுவிலிருந்து 25 முடிய. தோராவில் மொத்தம் 613 கட்டளைகள் என்றால் இந்த ஒரு பகுதியில் மட்டும் 74 என்று கணக்கு. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு. கூட்டிலிருந்து தாய்ப்பறவையையும் குஞ்சையும் சேர்த்து எடுக்காதே. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே. அப்புறம் 24:15. கூலியை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் கொடு.

அன்று தேதி 14. எனக்குச் சம்பளம் வரவில்லை. வங்கிக் கணக்கைப் பார்ப்பது சபாவின் மகன். மூன்று மாதமாகவே இழுப்பு. ஊரில் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று பேர் வருமே, அந்த ஆசைதான்.

வசனத்தைக் கேட்டதும் என் கத்தி நின்றுவிட்டது. சபா நிமிர்ந்து பார்த்தார்.

“சம்பளம் வரவில்லையா?”

“இல்லை.”

“அவனிடம் கேட்டாயா?”

“இல்லை.”

கோபம் மகன்மேல் வரும் என்று நினைத்தேன். என்மேல் வந்தது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவா மெத்ஸியா என்ற பகுதியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு விதி இருக்கிறதாம். வேலை செய்தவன் கேட்டும் கொடுக்காமல் இருந்தால்தான் முதலாளி இந்தக் கட்டளையை மீறினவன். கேட்காவிட்டால் மீறல் ஆகாது. “நீ கேட்காதவரை என் மகனுக்குப் பாவமில்லை. யாருக்காக இந்த உபகாரம்?” என்றார்.

அதோடு விடவில்லை. அந்த வசனத்தில் கூலியாள் தன் உயிரையே அந்தக் கூலியின்மேல் வைத்திருக்கிறான் என்று வருகிறது. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் என்ற நூல் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது: இவன் எதற்காக ஏணியில் ஏறினான், மரத்தில் தொங்கினான், சாவுக்குத் துணிந்தான்? கூலிக்குத்தானே? இதைச் சொல்லிவிட்டு சபா என் முட்டியைப் பார்த்தார். முந்தின மாதம் குளியலறையில் அவரை விழாமல் தாங்கிப் பிடித்தபோது நான் விழுந்து அடிபட்ட முட்டி.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வாரப் பகுதி குறுக்கே வந்து நின்றதுண்டா?

லண்டன்

எங்கள் கடை ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பக்கம். பல்ப், வாளி, துடைப்பம் விற்கிற சின்னக் கடை. சுற்றிவர ஹரேதிக் குடும்பங்கள், மதக் கட்டுப்பாட்டில் இறுக்கமான யூதர்கள். பழைய காசுப்பெட்டி ஒன்றை ஒருவருக்கு 15 பவுண்டுக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். பெட்டி பழுதாகிவிட்டதாக்கும், காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். மனிசன் 60 பவுண்டை மேசையில் வைத்தார். பெட்டியின் லாச்சிக்கு (இழுப்பறைக்கு) அடியில் சிக்கி இருந்ததாம்.

அந்த வாரம் அவர்கள் வாசித்த பகுதியும் இதே ‘கீ தேட்ஸே’தான், 22-ஆம் அதிகாரத்தில் தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளை. ஆனால் அவர் கட்டளையைச் சொல்லவில்லை, ஒரு கதை சொன்னார். ஷிமோன் பென் ஷெத்தாக் என்ற ரபிக்கு (யூத மத குருவுக்கு) அவருடைய மாணவர்கள் அரபிக்காரன் ஒருவனிடம் கழுதை வாங்கிக் கொடுத்தார்கள். அதன் கழுத்தில் விலையுயர்ந்த கல் ஒன்று தொங்கியது. இனி நீங்கள் உழைக்கவே வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சந்தோஷம். “விற்றவனுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார் ரபி. தெரியாது என்றதும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிவிட்டார். கழுதைக்குத்தான் காசு கொடுத்தது, கல்லுக்கு இல்லை.

உண்மையைச் சொன்னால், நானாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன். 60 பவுண்டுக்காக மழையில் யார் நடப்பது?

நியூ ஜெர்சி

ஆபீஸ் நண்பர் மகனின் பார் மித்ஸ்வாவுக்குப் போயிருந்தேன். 13 வயதில் பையன் சபைக்கு முன்னால் தோரா வாசிக்கிற சடங்கு. அந்த வாரம் எந்தப் பகுதி வருகிறதோ அதுதான், பொறுக்கி எடுக்க முடியாது. இவனுக்கு மாட்டியது லேவியராகமத்தில் வரும் தஸ்ரியா-மெத்ஸோரா. பெரும்பாலும் தோல் நோயும் வீட்டுச் சுவரில் படரும் கறையும்தான். புறங்கூறுகிறவனுக்கு வரும் நோய் இது என்பது ரபிகளின் விளக்கம். எனக்கு அது இழுத்துக் கட்டியது போலத்தான் இருந்தது.

பையன் அதைத் தொடவே இல்லை. லேவியராகமம் 14:3-ஐ எடுத்தான். நோயாளி பாளயத்துக்கு வெளியே தனியாக இருக்கிறான், ஆசாரியன் எழுந்து அவனிடம் போக வேண்டும் என்று வரும் இடம். “எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருத்தனை நீக்கினோம். நானும் அதில் ஒருவன். இன்னும் அவன் வீட்டுக்குப் போகவில்லை” என்றான். பேச்சு முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் அவன்மேல் மிட்டாய் வீசினார்கள். முன்வரிசையில் இருந்த என் காதிலும் ஒன்று பட்டது.

பெட்டா டிக்வா, இஸ்ரேல்

பணம் வந்ததா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: வந்தது. ஓய்வுநாளில் பணப்பேச்சு கூடாது, அதனால் சனிக்கிழமை இருட்டும்வரை காத்திருந்து மகனுக்கு போன் போட்டேன். மறந்துவிட்டேன் என்றார். இந்த நாட்டில் 1958-லேயே சம்பளத்துக்கென்று சட்டம் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 9-ஐத் தாண்டினால் இழப்பீடு கேட்கலாம். அதை நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது.

இந்த மாதம் 11 ஆகிவிட்டது. இன்று காலை அவர் வந்திருந்தார். சமையலறையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே வந்து கேட்டேன். குரல் நடுங்கியது. சபா சோபாவில் உட்கார்ந்தபடியே காது மெஷினின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.