புதுப்பிப்பு: மகனின் தனிப்பயிற்சி, நான்கு மாதங்களுக்குப் பிறகு

எட்டாம் வகுப்புக் கணக்கில் தொடர்ந்து தோல்வியடைந்துவந்த என் மகனுக்குத் தனிப்பயிற்சி பயன் தருமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையுடன் பதில் எழுதியவர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

பயிற்சியாளர் முதல் இரண்டு வாரங்கள் பாடநூலைத் திறக்கவே இல்லை; ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவைத்துக் கவனித்தார். இயற்கணிதம்தான் புரியவில்லை என்று நாங்கள் எண்ணியிருக்க, 1/2, 1/3 ஆகியவற்றைக் கூட்டும்போது தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதும் பழைய பிழையே சமன்பாடுகள் வரை அவனைத் தொடர்ந்து வந்திருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. நிறைந்த வகுப்பில் இதைக் கண்டறிவது எளிதல்ல என்பதால், அவனுடைய ஆசிரியர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோரில் சுமார் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்னும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருவர் சுட்டியிருந்தார். பிற்கால ஆய்வுகள் பொதுவாக அதைவிடக் குறைவான பலனையே காட்டின என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

அவனுடைய மதிப்பெண் 23இலிருந்து 46 ஆகியிருக்கிறது. அதைவிட எனக்கு நிறைவளிப்பது வேறொன்று: விடைத்தாளை ஒளித்துவைத்த பிள்ளை, இப்போது எந்த வரியில் தவறினேன் என்று தானே தேடுகிறான். வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் தொடர்கின்றன, அடுத்தது விகிதங்கள்.