மனசுக்குள் நடந்தால் 6 விநாடி, நிஜத்தில் 14: எங்கே தப்பு?

பிசியோ_கடைசிவருஷம்:
முதியவர்களுக்கு டைம்டு அப் அண்ட் கோ என்ற நடைச் சோதனை எடுக்கிறோம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நிஜத்தில் 14 விநாடி எடுப்பவர், கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னால் ஆறே விநாடியில் "முடிஞ்சுது" என்கிறார். இளவயதுக்காரர்களிடம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. ஸ்டாப்வாட்ச் பிடிப்பதில் கோளாறா?

நடைஅளவு:
வாட்ச் மேல் பழி போடாதீர்கள். வயது ஏற ஏற கற்பனை நேரம் நிஜத்தைவிடக் குறைவது தெரிந்த விஷயம்தான்; மறதிக் கோளாறு இருப்பவர்களிடம் இடைவெளி இன்னும் பெரிது. விநாடிக் கணக்கில் ஒப்பிடாமல் (நிஜம் − கற்பனை) ÷ இரண்டின் சராசரி × 100 போடுங்கள். உங்கள் ஆளுக்கு 8 ÷ 10, அதாவது 80%.

ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுக்கும் விதமும் முக்கியம். "நடக்கிற மாதிரி நினைங்க" என்றால் பாதிப் பேர் யாரோ நடப்பதை வெளியிலிருந்து பார்ப்பார்கள். அதே நாற்காலியில் உட்காரவைத்து, "உங்க கண் வழியா பாருங்க, கை ஊன்றி எழும்புறது, பாதத்துல பாரம் இறங்குறது எல்லாம் தெரியணும்" என்று சொல்லுங்கள். முடிந்ததும் அவர் வாயால் "நிறுத்து" வரவேண்டும். மூன்று முறை எடுத்து நடு எண்ணை வையுங்கள். நேரத்தை அவரிடம் சொல்லவே கூடாது. பாதிப் பேருக்குக் கற்பனையை முதலில் வையுங்கள். எல்லோருக்கும் நிஜ நடை முன்னால் வந்தால், அதன் நேரத்தை ஞாபகத்திலிருந்து ஒப்பித்துவிடுவார்கள்.

மூளைப்பக்கம்:
இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும் என்பதும் இல்லை. 1989-இல் டெசெட்டி, ஜான்ரோ என்ற ஆய்வாளர்களின் குழு பிரான்சில் 5, 10, 15 மீட்டர் நடக்கவைத்துப் பார்த்தது. கற்பனை, நிஜம் இரண்டும் ஒத்துப்போயின. முதுகில் 25 கிலோ ஏற்றியதும் நிஜ நேரம் மாறவில்லை, கற்பனை நேரம் மட்டும் நீண்டது. கூடுதல் முயற்சியை மூளை நேரமாகக் கணக்குப் போட்டுவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பார்க்கின்சனில் கை மெதுவானால் கற்பனையிலும் மெதுவாகிறது. மூளையின் பரைட்டல் பகுதி (உச்சந்தலைக்குப் பின்பக்கம்) அடிபட்டவர்களிடம்தான் கற்பனைக்கும் நிஜத்துக்கும் உள்ள இந்த ஒட்டுதலே குலைகிறது. 1996-இல் சிரிகு குழு இதைக் காட்டியது. பக்கவாத நோயாளி என்றால் அந்தப் பகுதி அடிபட்டிருக்கிறதா என்று ஸ்கேனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிசியோ_கடைசிவருஷம்:
நன்றி. ஒருவர் உண்மையிலேயே கற்பனை செய்கிறாரா, சும்மா எண்ணுகிறாரா என்று எப்படிப் பிடிப்பது?

நடைஅளவு:
உதடும் விரலும் அசைகிறதா பாருங்கள். தரையில் 2 மீட்டரிலும் 6 மீட்டரிலும் டேப் ஒட்டி இரண்டுக்கும் கற்பனை எடுங்கள். தூரம் கூடியும் நேரம் கூடவில்லையா, அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள். கடைசியில் "எந்தப் பக்கமா திரும்பினீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விழுங்கப்படுவது திரும்புவதும் உட்காருவதும்தான். பதில் சொல்லத் திணறினால், அந்த ஆறு விநாடியில் அவர் திரும்பவே இல்லை.